பதினான்காம் அடுப்பின் சாம்பல்

நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டால் எனக்கு ஊர் மறந்துபோகும். நான் உட்கார்ந்திருப்பது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியின் மேல்மாடியில். பக்கத்து இரும்பு உருக்காலையின் சத்தம் நாள் முழுக்க சன்னலைப் பிடித்து உலுக்கும். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது ஓமன் நாட்டுப் பாலைவனம். ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ சமைத்த அடுப்பின் சாம்பல். கரிந்த விதை ஒன்றைத் தூரிகை முனையால் மெல்லப் புரட்டினால் போதும், மணல் விரியும். காற்று எழும். எங்கோ ஓர் ஆடு கத்தும். "சாலிஹா, ட்ரெயினுக்கு டைமாச்சு" என்று திலகவதி மேடம் தோளைத் தட்டும்வரை நான் அங்கேதான் இருப்பேன்.

"பட்டப்பகல்ல கனா காண்றதுக்கு சம்பளம் குடுக்கறாங்களாம், இந்த அநியாயத்த எங்க போய்ச் சொல்றது" என்பார் என் மாமியார் சமீனா. அவருடைய நாக்குக்குப் பழவேற்காட்டில் பயப்படாத ஆளில்லை, மீன் கொடுக்கிறவர் உட்பட.

அவர் சொல்வதில் பொய்யும் இல்லை. மேடம் திருவள்ளூர்க்காரர். வெளிநாட்டில் போய்ப் பழங்காலத்துச் செடிகொடிகளைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவர். அகழாய்வு நடக்கும் இடங்களிலிருந்து அவருக்குப் பொட்டலம் பொட்டலமாகச் சாம்பல் வரும். அங்கே அடுப்புச் சாம்பலைத் தொட்டித் தண்ணீரில் கொட்டுவார்கள். மண் அடியில் தங்கும், கரிந்த விதைகள் மிதக்கும். மிதப்பதைத் துணியில் வடித்து, நிழலில் காயவைத்து அனுப்புவார்கள். எந்த விதை எந்தச் செடி என்று நான் பிரிப்பேன். அதை வைத்து அந்த மக்கள் என்ன தின்றார்கள், அந்த இடம் அப்போதும் பாலையாகத்தான் இருந்ததா என்று மேடம் எழுதுவார்.

உருக்காலைத் தூசி நுழையாத இடுக்கு எங்கள் அறையில் கிடையாது. அதுவும் கறுப்பு, விதையும் கறுப்பு. ஆகவே தட்டில் கொட்டியதும் முதல் வேலை, காந்தத்தைத் தாளில் சுற்றி மேலாக ஓட்டுவது. ஒட்டிக்கொண்டு வருவது கும்மிடிப்பூண்டி. தட்டில் மிஞ்சுவது பாலைவனம்.

அந்தப் பாலைவனத்தில் என் கணவர் இருந்தார்.

ஹனீப் மஸ்கட்டுக்குப் போனது டிரைவர் வேலைக்கு. அகழாய்வுக்காரர்களுக்கு வண்டி ஓட்டப்போய், மண்வெட்டி பிடித்து, கடைசியில் அந்தத் தண்ணீர்த் தொட்டிக்கே பொறுப்பாளர் ஆகிவிட்டார். ஏரிக்கரையில் பிறந்தவருக்குத் தண்ணீர் வேலையைச் சொல்லித்தர வேண்டுமா என்ன? பொட்டலங்கள் போகிற ஊர் கும்மிடிப்பூண்டி என்று அவர் ஒருநாள் போனில் சொன்னபிறகுதான், பொன்னேரி காலேஜில் வாங்கிய என் தாவரவியல் பட்டத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு நான் மேடத்தைப் பார்க்கப் போனேன். ஆக, அவர் அள்ளிய சாம்பல் என் கைக்கு வரும். பொட்டலத்துச் சீட்டில் அடுப்பு எண், ஆழம், தேதி எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கும். கல்யாணமாகி ஆறு வருஷம். சேர்ந்து இருந்தது ஏழு மாதம். மற்றவர்கள் கடிதம் படித்தார்கள், நான் சாம்பல் படித்தேன். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

படித்துப் படித்து அந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. ஒரு தடவை மேடம் ஒரு பொடி விதையை வைத்துக்கொண்டு ரெண்டு நாள் புத்தகம் புத்தகமாகப் புரட்டினார். நான் எட்டிப் பார்த்து, "இது உமரி மேடம். எங்க ஏரிக்கரையில செருப்பில்லாம நடந்தா காலுல நசுங்கும்" என்றேன். மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உப்புச் சேற்றில்தான் உமரி வளரும். அப்புறம் கோரையின் விதையும் கிடைத்தது. அப்படியென்றால் இன்றைக்கு மணல் மட்டும் இருக்கிற அந்த இடத்தில் அன்றைக்குத் தண்ணீர் தேங்கியிருக்கிறது, நம் பழவேற்காடு மாதிரி. அன்றிலிருந்து என் கனவில் ஒரு பெண் வர ஆரம்பித்தாள். காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோரைப்புல் ஓரத்தில் உட்கார்ந்து, இலந்தைக் கொட்டையைக் கல்லில் வைத்துத் தட்டுவாள். முகம் தெரியாது. கை மட்டும் தெரியும்.

இரண்டாயிரத்து மூன்று ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை பதினான்காம் அடுப்பைப் பிரித்தேன். காந்தம் ஓட்டினேன். இலந்தைக் கொட்டைத் துண்டு ஒன்று வந்தது. உமரி வந்தது. பிறகு, கண்ணாடிக்குள் ஓர் அரிசி வந்து நின்றது.

நொய்யரிசி. கரிந்துபோன, உடைந்த அரிசி.

"மேடம்" என்று கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார். அப்புறம் அந்த அறைக்குள் நாற்பது வயசுப் பெண்மணி ஒருவர் குதித்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"அரிசி, சாலிஹா! அந்த பாலைவனத்துல அரிசி வெளையவே வெளையாது. கப்பல்லதான் வந்திருக்கணும். நம்ம பக்கத்துலேர்ந்து!"

மொத்தம் ஒன்பது அரிசி கிடைத்தது. கூடவே பாதியாக உடைந்த பாசிப்பருப்பு நாலு.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்பாங்க, எனக்கு ஒம்போது சோறு கெடச்சிருக்கு. காலக்கணிப்புக்கு அனுப்புனா ரிசல்ட்டு வர ஆறு மாசம் ஆவும். செப்டம்பர்ல மாநாடு. அங்க சொல்லிடறேன். இப்பவே அகழாய்வு டைரக்டருக்கு மெயில் போட்டுட்டு வரேன்" என்று மேடம் கீழே ஓடினார். கம்ப்யூட்டர் அட்டைப்பெட்டிக்காரர் ஆபீசில்தான் இருந்தது.

நான் மறுபடி குனிந்தேன். அடுத்து வந்தது சின்னதாக, கட்டை குட்டையாக, நடுவில் கோடு கிழித்த ஒரு விதை. அதற்கு எனக்குப் புத்தகம் வேண்டாம். வெந்தயம். ஒன்று, ரெண்டு, ஐந்து, பதினொன்று.

நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம். மூளைக்கு எட்டும் முன்னே நாக்குக்கு எட்டிவிட்டது, வாயில் எச்சில் ஊறியது. சீட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். போன வருஷம் நவம்பர் இருபத்தொன்று. விரல் விட்டு எண்ணினேன். நோன்பு பதினாறு.

இது ஐயாயிரம் வருஷத்துச் சமையல் இல்லை. நோன்புக் கஞ்சி. அந்தப் பழைய அடுப்பில் போன ரமலானில் யாரோ கஞ்சி காய்ச்சியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ! பத்துப் பேர் கஞ்சிக்கு ஒரு ஸ்பூன் வெந்தயம் போதும். கை நிறைய அள்ளிப் போடுகிற ஆள் உலகத்தில் ஒருவர்தான். கேட்டால் உடம்புக்குக் குளிர்ச்சி என்பார்.

பதினோரு வெந்தயத்தையும் ஒரு குப்பியில் போட்டு மூடி, மேசை இழுப்பறைக்குள் தள்ளினேன். மேடம் மூச்சு வாங்க மாடியேறி வந்து, "வேற இன்னா கெடச்சிது?" என்றார். "ஒண்ணுமில்ல மேடம்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதாம். பதினோரு வெந்தயத்தை மறைக்க முடிந்தது.

அன்று சாயங்காலம் ரயிலில் சன்னலோரம் இடம் கிடைத்தது. கவரப்பேட்டை தாண்டியதும் கண் சொருகியது. வயல்கள் மஞ்சளாகி மணலாயின. அந்தப் பெண் அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். மூன்று கல். அவள் கையில் ஒரு மண்சட்டி, சட்டிக்குள் எங்கள் வீட்டுக் கஞ்சி. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள், முகம் சுளித்தாள். ஓர் அரிசியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இது என்ன என்பதுபோல் என்னிடம் நீட்டினாள். முதல் தடவையாக அவள் முகம் தெரிந்தது. கோபம் இல்லை. புரியாத முகம், அவ்வளவுதான். தன் வீட்டில் தனக்கே தெரியாத ஒன்றைப் பார்த்துவிட்ட முகம். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வாய் நிறைய மணல்.

விழித்தபோது நான் இறங்கவேண்டிய பொன்னேரி போய்விட்டிருந்தது. வெளியே அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் நின்றன. இறங்கி, எதிர் வண்டி பிடித்து, கடைசி பஸ்ஸில் வீடு போய்ச் சேர்ந்தேன். மாமி சோறு போட்டார்.

வழக்கம்போல் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஹனீப் போன் செய்தார். நலம் விசாரிக்கிற பேச்சுக்கெல்லாம் எனக்குப் பொறுமை இல்லை.

"பதினாலாம் அடுப்புல கஞ்சி காச்சினீங்களா?"

"உனக்கு எப்டி தெரியும்?"

"வெந்தயம் சொல்லிச்சி. இம்மாம் வெந்தயம் வேற யாரு போடுவா?"

அவர் பெருமூச்சு விட்டார். "அன்னிக்கி காத்துன்னா காத்து, சாலிஹா. எங்க மூட்டினாலும் நெருப்பு நிக்கல. நோன்பாளிங்க பதினெட்டு பேரு. டைரக்டரு டவுனுக்கு போயிருந்தாரு. பாதி தோண்டி வச்சிருந்த அந்த மூணு கல்லு மட்டும் காலியா இருந்துச்சி. சும்மா வச்சி பாப்போம்னு வச்சேன். டக்குனு புடிச்சிக்கிச்சி. யாரோ காத்து பாத்து வச்ச கல்லு. பாங்கு சொல்றதுக்குள்ள கஞ்சி ரெடி. காலையில எங்க சாம்பல வழிச்சி போட்டுட்டுத்தான் சாம்பிள் எடுத்தேன். எல்லாம் போயிடுச்சின்னு நெனச்சேன்."

"போவல. மேடம் அத மாநாட்டுல சொல்லப்போறாங்க."

"நீ வாயத் தொறக்காத. தெரிஞ்சா அனுப்பிடுவாங்க. டைரக்டரு ஃபோர்மேன் ஆக்கறேன்னு சொல்லிக்கினு இருக்காரு. கஞ்சி காச்சி வேல போச்சுன்னா, ஊர்ல எந்த மூஞ்சிய வச்சிக்கினு நடப்பேன்?"

போனை வைத்த பிறகு ரெண்டு நாள் மதில்மேல் பூனையாக இருந்தேன். வாயை மூடிக்கொண்டால் அவர் வேலை நிற்கும். ஆனால் ஆறு மாதத்தில் காலக்கணிப்பு வந்துவிடும், ஊர் கூடிய மாநாட்டில் பேசிய மேடத்தின் பெயர் நாறும். அதற்குள் அந்தப் பெண் தின்னாத சோற்றைத் தின்றதாக உலகமெல்லாம் படித்திருக்கும். அவள் அடுப்பில்தான் என் புருஷன் நோன்பு திறந்தார். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைக்கலாமா? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவரை அனுப்பிவிடுவார்கள் என்றபோது, என் நெஞ்சுக்குள் ஓர் ஓரத்தில் சந்தோஷம் துள்ளியது. அந்தத் துள்ளலை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருந்தது. உண்மைக்காகச் சொல்லப்போகிறேனா, அவர் வரவேண்டும் என்று சொல்லப்போகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் இழுப்பறையைத் திறந்து குப்பியை மேடத்தின் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

மேடம் கத்துவார் என்று நினைத்தேன். "ஆறு நாளா மறச்சியா?" என்று மட்டும் கேட்டார். அது கத்தியதைவிட மோசமாக இருந்தது. குப்பியைத் தட்டில் கவிழ்த்து, ரொம்ப நேரம் நுண்ணோக்கியில் குனிந்திருந்தார்.

"எங்க பக்கத்து ஊட்டு பாய் வருஷா வருஷம் கஞ்சி குடுத்தனுப்புவாரு. சொம்பு சொம்பா குடிச்சிருக்கேன். நொய்யும் ஒடச்ச பருப்பும் கண்ணு முன்னாடி கெடக்குது, எனக்கு தெரியல பாரு" என்றார். சிரிக்கவில்லை, கண் கலங்கியிருந்தது. அந்த மாநாட்டுக்காக அவர் எத்தனை வருஷம் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும்.

உடனே கீழே போய், அரிசி பற்றிய செய்தி தவறு, சாம்பலில் இக்காலத்துச் சமையல் கலந்திருக்கிறது என்று டைரக்டருக்கு எழுதினார். "யாரு காச்சினாங்கன்னு நான் எழுதல. ஆனா சீட்டுல அவர் கையெழுத்து இருக்குதே, சாலிஹா" என்றார். மறுநாள் ஒரு வரியில் பதில் வந்தது. தகவலுக்கு நன்றி, அந்தச் சாம்பிளை நீக்கிவிடவும்.

புதன்கிழமை போன் அடித்தது. வெள்ளிக்கிழமை அல்லாத போன். எடுக்கும்போதே தெரிந்துவிட்டது.

"வரேன்" என்றார் ஹனீப். "அடுத்த வாரம் ஃபிளைட்டு."

வந்தார். கறுத்து, மெலிந்து, மணல் வாசனையோடு வந்தார். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, "லீவா? எத்தினி நாளு?" என்று கேட்டார்கள். "லீவெல்லாம் இல்ல. எல்லாம் ஊட்டுக்காரி பண்ண வேல" என்று அவர் சிரித்தபடி சொல்ல, எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. புருஷன் பிழைப்பைக் கெடுத்தவள் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. நான் காலையில் நாஷ்டா வைத்து, மத்தியானத்துக்குச் சமைத்து வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறுவேன். ஒரு மாதம் அப்படிப் போனது. மன்னித்துவிடுங்கள் என்ற சொல் தொண்டைவரை வரும், அதற்குமேல் வராது. கனவுகூட வரவில்லை.

மேடம்தான் ஒருநாள் அவரைக் கூட்டிவரச் சொன்னார். அந்தக் காற்றில் நெருப்பு எப்படி நின்றது, கல் எந்தத் திசையில் இருந்தது என்று கேட்க வேண்டுமாம். ஹனீப் அட்டைப்பெட்டி அட்டை ஒன்றில் மூன்று கல்லையும் வரைந்தார். கடல் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று அம்பு போட்டார். மேடம் முகம் மலர்ந்து அதை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். உருக்காலையில் சாப்பாட்டுச் சங்கு ஊதி, இரைச்சல் அடங்கியது. "நான் அனுப்பினத எப்டி பாப்ப, காட்டு" என்றார். நாற்காலியில் உட்காரவைத்து, பதினான்காம் அடுப்பை வைத்தேன். முதலில் அவர் அரிசி. பிறகு அரிசியை நீக்கிய பின் மிஞ்சியது. உமரி, இலந்தை, கோரை, எள்ளளவு மீன்முள் ஒன்று. ஒரு வேளைச் சாப்பாடு. அவர் கண்ணை எடுக்கவே இல்லை. பின்னங்கழுத்தில் வெயில் பட்டுத் தோல் உரிந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அந்தச் சொல் வெளியே வந்தது.

"மன்னிச்சிடுங்க. என்னாலதான் உங்க வேல போச்சு."

அவர் நிமிரவில்லை. கண்ணாடிக்குள் பார்த்தபடியே சொன்னார்.

"உன்னால போவல."

"இன்னா?"

"உன்னாண்ட பேசின மறுநாளே நானே டைரக்டர்கிட்ட போயி சொல்லிட்டேன். மேடம் லெட்டர் அப்பால வந்துச்சி. ரெண்டு திட்டு திட்டினாரு, அப்பறம் சிரிச்சிட்டாரு. போயி வேலைய பாருன்னாரு. நான்தான் ஊருக்கு அனுப்பிடுங்கன்னு கேட்டேன்."

"கரிஞ்சிபோன வெந்தயத்துல என் கைய கண்டுபுடிக்கிறவ ஒருத்தி இருக்கா. நான் இங்க இன்னா பண்ணிக்கினு இருக்கேன்னு தோணிச்சி, சாலிஹா. அன்னிக்கி ராத்திரிலாம் தூக்கம் வர்ல." இப்போது நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது. "பொண்டாட்டி நெனப்புல வேலைய உட்டுட்டு வந்தான்னு சொன்னா ஊரு சிரிக்கும்ல. அதான் உன் மேல போட்டுட்டேன்."

முதலில் வந்தது கோபம். ஒரு மாதம்! ஒரு மாதமாக நான் குற்றவாளி மாதிரித் தலைகுனிந்து அந்த வீட்டில் நடந்திருக்கிறேன். தட்டை எடுத்து அவர் தலையில் கவிழ்த்திருப்பேன், அந்தப் பெண்ணின் சாப்பாடு அதில் இருந்ததால் விட்டேன். பிறகு நின்ற இடத்திலேயே அழுதேன். ஆறு வருஷமாக அழாததையும் சேர்த்து அழுதேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதையும் மறைக்கப் போவதில்லை.

"இன்னிக்கே மாமியாண்ட சொல்லணும். இப்ப என்னாண்ட சொன்ன மாதிரியே" என்றேன்.

"சொல்றேன்" என்றார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

சொன்னார். சாயங்காலம் மாமி எங்கள் இருவருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, ஹனீப் குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மாமி அவரையே பார்த்தார். கரண்டி கையில் அப்படியே நின்றது. ஊரே பயப்படும் அந்த நாக்கு என்ன சொல்லப்போகிறதோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இத தெரிஞ்சிக்க ஆறு வருஷமாடா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, முதலில் என் தட்டில் மீனை வைத்தார்.